குழந்தை என்ஐசியூ-ல (பச்சக்குழந்தைங்களுக்கான தீவிர சிகிச்சை வார்டுல) இருக்கும்போது டாக்டர்கிட்ட யார் பேசுறது, எப்படி பேசுறது: அஞ்சு வழிய வச்சு ஒரு ஒப்பீடு

"அக்கா, பாப்பா என்ஐசியூ-ல இருக்கா, டாக்டர் எங்க மாமனார்கிட்ட மட்டும்தான் பேசுறாரு, எனக்கு ஒண்ணுமே தெரியல" - இந்த கேள்வி ஏதாவது ஒரு ரூபத்துல எனக்கு வந்துக்கிட்டேதான் இருக்கு. இன்னொருத்தங்க ரவுண்ட்ஸ் டைம்ல உள்ள நிக்கலாமான்னு கேக்குறாங்க, இன்னொருத்தங்க வாட்ஸ்அப்ல ரிப்போர்ட் அனுப்ப சொல்லலாமான்னு கேக்குறாங்க. எல்லாருக்கும் தனித்தனியா பதில் சொல்லி சொல்லி, இப்போ ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

முதல்ல நான் எங்கேர்ந்து பேசுறேன்னு சொல்லிடறேன். எனக்கு பிபி ஏறி 30 வாரத்துலயே சிசேரியன் பண்ணி எடுத்தாங்க, பையன் 1240 கிராம். 41 நாள் என்ஐசியூ. நாலாவது நாள் தலை ஸ்கேன்ல சின்னதா ஒரு ரத்தக்கசிவு இருக்குன்னு டாக்டர் என் வீட்டுக்காரர்கிட்டயும் மாமனார்கிட்டயும் சொல்லியிருக்காரு. எனக்கு வந்த சேதி "எல்லாம் நார்மல்மா, நீ நல்லா சாப்டு". பத்தாவது நாள் ஒரு சிஸ்டர் சாதாரணமா, "நாளைக்கு ரிபீட் ஸ்கேன்மா, போன தடவ பாத்த ப்ளீடிங் கூடியிருக்கான்னு பாக்கணும்"னாங்க. கையில பால் பிழிஞ்ச பாட்டிலோட அப்படியே நின்னேன். ஆறு நாள் என் குழந்தைக்கு என்னன்னு என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. கேட்டதுக்கு, "சொன்னா உனக்கு பால் வத்திடும்னு பயந்துட்டோம்"னாங்க. பாசத்துலதான் மறைச்சாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அதுக்கப்புறம் யார் "நார்மல்"னு சொன்னாலும் என்னால நம்ப முடியல, பையன் வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம் வரைக்கும் அந்த சந்தேகம் போகல. (கசிவு தானா கரைஞ்சிடுச்சு. முதல் ரெண்டு கிரேடுல இருக்குற கசிவு பெரும்பாலும் அப்படித்தான் கரையும்னு அப்புறமா டாக்டரே உக்கார வச்சு சொன்னாரு. அதை நாலாவது நாளே சொல்லியிருந்தா நான் தாங்கியிருப்பேன்.)

## எதை வச்சு எடை போடுறது

அஞ்சு விஷயம் பாக்குறேன். எல்லாத்துக்கும் ஒரே மதிப்பு கிடையாது, முதல் ரெண்டும்தான் எனக்கு பெருசு.

1. சேதி அம்மா அப்பா காதுக்கு நேரா வருதா, இல்ல நடுவுல யாராவது வடிகட்டி சொல்றாங்களா.
2. புரியலன்னா திருப்பி கேக்க நேரம் இருக்கா, கேக்குற தைரியம் அந்த இடத்துல வருமா.
3. ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதாவது ஆனா எவ்வளவு சீக்கிரம் தெரியும்.
4. ரத்தம் ஏத்தணும், வென்டிலேட்டர் போடணும், வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தணும்னு ஒரு முடிவு எடுக்க வேண்டி வந்தா, அதுக்கு அந்த வழி தாங்குமா.
5. உடம்புக்கும் காசுக்கும் மனசுக்கும் என்ன செலவு. வெளியில தெரியாத செலவு இதுலதான் ஒளிஞ்சிருக்கு.

இப்போ என்ஐசியூ வாசல் வராண்டாவுல உக்காந்து போன்ல படிக்கிறவங்களுக்கு முதல்ல அட்டவணை, விவரம் கீழ.

| வழி | நேரா வருதா | கேள்வி கேக்க முடியுமா | அவசரத்துல | முடிவெடுக்க | மறைஞ்ச செலவு |
|---|---|---|---|---|---|
| ரவுண்ட்ஸ்ல நிக்கிறது | ஆமா | கொஞ்சம்தான் | பத்தாது | பத்தாது | பாதி புரிஞ்சு பயப்படுறது |
| தினசரி கவுன்சலிங் | ஆமா, நீங்களே போனா | நல்லா | பத்தாது | இதுதான் சரி | மணிக்கணக்கா காத்திருப்பு |
| வீட்ல ஒருத்தர் மூலமா | இல்ல | அவருக்கு மட்டும் | பரவால்ல | ஆபத்து | அம்மா வெளியில நிக்கிறது |
| போன், வாட்ஸ்அப் | பாதி | குறைவு | நல்லா | கூடாது | ரிப்போர்ட்ட தப்பா படிக்கிறது |
| உள்ள இருந்து கவனிச்சுக்குறது | ஆமா | சிஸ்டர்கிட்ட நிறைய | உடனே | துணைக்கு மட்டும் | உடம்பு அலுப்பு, வீட்ல இருக்குற பிள்ளை |

## 1. ரவுண்ட்ஸ் நேரத்துல பக்கத்துல நிக்கிறது

காலையில பெரிய டாக்டர், டூட்டி டாக்டர், சிஸ்டர் எல்லாரும் ஒவ்வொரு வார்மரா (குழந்தைய சூடா வச்சிருக்குற படுக்கை) வந்து நின்னு பேசுவாங்க. சில இடத்துல பெத்தவங்களையும் நிக்க விடுறாங்க, நிறைய இடத்துல விடுறதில்ல. நிக்க விட்டா இதோட பெரிய லாபம், டாக்டருங்க அவங்களுக்குள்ள பேசிக்கிறதே நம்ம காதுல விழும். ஃபீட் எத்தனை மில்லி கூட்டுறாங்க, ஆக்சிஜன் எவ்வளவு குறைக்கிறாங்க, வெயிட் நேத்தைக்கு இன்னிக்கு எவ்வளவு, எல்லாமே பச்சையா தெரியும்.

பிரச்சினையும் அதேதான். அவங்க பேசுறது நமக்காக இல்ல. பாதி இங்கிலீஷ், பாதி சுருக்கெழுத்து. என்கூட இருந்த ஒரு பொண்ணு "செப்சிஸ் ரூல் அவுட்"னு டாக்டர் சொன்னதுல செப்சிஸ்ங்கற வார்த்தைய மட்டும் பிடிச்சுக்கிட்டு, குழந்தைக்கு ரத்தத்துல கிருமின்னு ஊருக்கு போன் பண்ணி அழுதுடுச்சு. அது அப்படியான்னு டெஸ்ட் பண்ணி பாக்கப் போறோம்னுதான் அவங்க சொன்னது. டாக்டருங்க ரவுண்ட்ஸ்ல பத்து சந்தேகத்த சொல்லுவாங்க, அதுல ஒம்பது இல்லன்னு ஆயிடும், ஆனா நம்ம மனசு அந்த பத்தையும் தூக்கிட்டு வெளிய வரும். இன்னொண்ணு, சிசேரியன் ஆன நாலாவது நாள் ஒரு மணி நேரம் நிக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல, ஸ்டூல் கேளுங்க, கேக்குறதுல தப்பே இல்ல.

யாருக்கு சரி: முதல் வாரம் தாண்டி, குழந்தை ஓரளவு நிலைச்சு, நீங்களும் அந்த வார்த்தைங்களுக்கு பழகினப்புறம். ஒரு சின்ன நோட்டு கையில இருக்கட்டும். காதுல விழுந்தத குறிச்சுக்கிட்டு ரவுண்ட்ஸ் முடிஞ்சதும் டூட்டி டாக்டர்கிட்ட "இது மூணும் என்ன சார்"னு கேளுங்க, நடுவுல கேட்டா அவங்க ஓட்டம் தடைபடும், பதிலும் அவசரமா வரும்.

## 2. தினம் ஒரு தடவ கவுன்சலிங் ரூம்ல

பெரும்பாலான ஆஸ்பத்திரியில நடைமுறை இதுதான், மத்தியானமோ சாயங்காலமோ ஒரு நேரம், பேர் சொல்லி கூப்பிடுவாங்க, டாக்டர் நிலைமைய சொல்லுவாரு, தாள்ல கையெழுத்து வாங்குவாங்க. முடிவெடுக்குற விஷயத்துக்கு இதை விட நல்ல இடம் கிடையாது. கதவு சாத்தியிருக்கும், உக்காரலாம், அழணும்னா அழலாம்.

ஆனா இந்த அஞ்சு நிமிஷத்த வீணாக்காம இருக்கறது நம்ம கையிலதான் இருக்கு. "எப்படி இருக்கு டாக்டர்"னு கேட்டா "ஸ்டேபிளா இருக்கு"ன்னு பதில் வரும், எழுந்து வந்துடுவோம். ஸ்டேபிள்னா நல்லாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, நேத்து இருந்த மாதிரியே இருக்கு, மோசமாகலன்னு அர்த்தம். வென்டிலேட்டர்ல இருக்குற குழந்தையும் ஸ்டேபிளா இருக்கலாம். நான் ரெண்டாவது வாரத்துலேர்ந்து நாலே நாலு கேள்விதான் கேட்டேன்: நேத்தைக்கு இன்னிக்கு என்ன மாறியிருக்கு? இப்போ உங்களுக்கு எதுல கவலை? அடுத்த ரெண்டு நாள்ல என்ன பண்ணப் போறீங்க? நான் என்ன பண்ணணும்? இதுல ரெண்டாவது கேள்விதான் முக்கியம். அதைக் கேட்டதும் டாக்டர் ஒரு நொடி நிறுத்திட்டு நிஜமா யோசிச்சு பதில் சொன்னாரு, அது வரைக்கும் எங்களுக்கு கிடைச்சதெல்லாம் ஒப்பிச்ச மாதிரி இருக்கும்.

கடைசியில நீங்க புரிஞ்சுக்கிட்டத உங்க வாயால திருப்பி சொல்லுங்க. "அப்போ குழந்தை மூச்சு விட மறந்துடறத தடுக்க மருந்து குடுக்குறீங்க, அது இந்த மாசத்துல பொறந்த பிள்ளைங்களுக்கு வர்றதுதான், சரியா டாக்டர்?" தப்பா இருந்தா அங்கேயே திருத்துவாங்க.

மறைஞ்ச செலவு காத்திருப்பு. மூணு மணின்னா அஞ்சு ஆகும், உள்ள ஒரு அவசரம்னா ஏழு கூட ஆகும், அந்த நேரத்துல பால் எடுக்குற டைம் தவறிடும். இன்னொண்ணு தினம் வேற வேற டூட்டி டாக்டர் வந்தா ஒருத்தர் "நல்லா தேறுது"ம்பாரு, இன்னொருத்தர் "இப்பவே சொல்ல முடியாது"ம்பாரு. ரெண்டு பேரும் பொய் சொல்லல, பேசுற விதம் வேற. அதனால வாரத்துக்கு ஒரு தடவையாவது பொறுப்புல இருக்குற பெரிய டாக்டரையே பாக்கணும்னு முன்கூட்டியே கேட்டு வச்சிடுங்க. தனியார் ஆஸ்பத்திரின்னா இன்னொரு விஷயம், சிகிச்சை பேச்சும் பில் பேச்சும் ஒரே மூச்சுல நடக்க விடாதீங்க, பணம் பத்தி பேச்சு வந்ததும் மருத்துவம் பத்தி கேக்க வேண்டியது எல்லாம் மறந்து போயிடும். காப்பீட்டுத் திட்டம், பில் இதெல்லாம் அதுக்குரிய ஆளுகிட்ட தனியா பேசிக்கலாம்.

## 3. வீட்ல ஒருத்தர் மட்டும் பேசுறது

நம்ம ஊர்ல கேக்காமலே நடக்குறது இது. டாக்டர் வெளிய வந்து "குழந்தையோட அட்டெண்டர் யாரு"ன்னா ஒரு மாமாவோ சித்தப்பாவோ முன்னாடி போய் நிப்பாங்க. இதுல நல்லதே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். அம்மாவே ஃபிட்ஸ் வந்தோ ரத்தப்போக்காலயோ ஐசியூ-ல இருந்தா வேற வழியே கிடையாது. ஒரு ஊர்ல பொறந்து 108 ஆம்புலன்ஸ்ல வேற ஊருக்கு குழந்தைய மட்டும் கொண்டு போயிட்டாங்கன்னா, அம்மா தையலோட இங்க, அப்பா அங்க, அப்போ அப்பா ஒருத்தர்தான் வாய். டாக்டர் பக்கத்துலேர்ந்து பாத்தாலும் ஏழு பேர்கிட்ட ஏழு தடவ சொல்றதுக்கு பதிலா ஒருத்தர்கிட்ட தெளிவா சொல்றது நல்லதுதான்.

ஆனா அந்த ஒருத்தர் அம்மாவாவோ அப்பாவாவோ இருக்கணும். தாத்தாவோ, "மெடிக்கல் லைன்ல இருக்குற" ஒண்ணுவிட்ட அண்ணனோ கூட இருக்கட்டும், துணைக்கு. அவங்க கேட்டு, அவங்க பயத்துக்கு தகுந்த மாதிரி கொஞ்சம் விட்டு கொஞ்சம் சேத்து சொல்லும்போது சேதி மாறிடுது. என் கதைய மேலயே சொல்லிட்டேன். இன்னொரு பக்கமும் இருக்கு, அது எனக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சுது: அந்த ஆறு நாளும் என் வீட்டுக்காரர் என் முன்னாடி சிரிச்சுட்டு மாடிப்படிக்கு கீழ போய் தனியா அழுதிருக்காரு. மறைக்கிறவங்களுக்கும் அது பாரம்தான். ரெண்டு பேரும் சேந்து அழுதிருக்கலாம்.

பால் வத்திடும்ங்கற பயத்துக்கு ஒரு வார்த்தை. அதிர்ச்சியில, அழுகையில அந்த நேரத்துக்கு பால் இறங்க தாமதமாகலாம், உண்மைதான். ஆனா பால் தொடர்ந்து ஊறுறது எத்தனை தடவ எடுக்குறோம்ங்கறதுலதான் இருக்கு, ராத்திரி உட்பட ஒரு நாளைக்கு எட்டு தடவையாவது எடுத்தா நிக்காது. உண்மைய மறைச்சு காப்பாத்துற அளவுக்கு பால் ஒண்ணும் உடையற பொருள் இல்ல. விஷயம் தெரிஞ்ச அன்னிக்கு ராத்திரியும் நான் எடுத்தேன், வந்துச்சு.

இப்போ இந்த நிலைமையில இருக்குற பொண்ணுங்களுக்கு: வீட்டு ஆளுங்ககிட்ட சண்டை போடாதீங்க, டாக்டர்கிட்ட நேரா சொல்லுங்க. "சார், நான் குழந்தையோட அம்மா. நல்லதோ கெட்டதோ நான் இருக்கும்போதே சொல்லுங்க, நான் வர முடியலன்னா வார்டுக்கு ஒரு தடவ வந்து சொல்லுங்க." இது போதும். எனக்கு தெரிஞ்ச வரைக்கும் இப்படி கேட்டு மறுத்த டாக்டர் இல்ல. நிறைய டாக்டருங்க, அம்மாகிட்ட சொல்ல வேணாம்னு வீட்டு ஆளுங்க கேட்டுக்கிட்டதாலதான் சும்மா இருக்காங்க.

## 4. போன், வாட்ஸ்அப்

தூரத்துல இருக்குற அம்மாவுக்கு இது வரம். வீடியோ கால்ல குழந்தை முகத்த பாத்துக்கிட்டே பால் எடுத்தா நல்லா இறங்குதுன்னு பல பேர் சொல்லியிருக்காங்க, ஒரு சிஸ்டர் ரெண்டு நிமிஷம் போன பிடிச்சு காட்டுனா அந்த அம்மாவுக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரும். அவசரத்துக்கும் போன்தான். அட்மிஷன் போடும்போதே ரெண்டு நம்பர் குடுங்க, ராத்திரி சைலண்ட்ல போடாதீங்க.

ஆனா எண்ணுங்க மட்டும் வந்து, கூட விளக்கம் வரலன்னா அது விஷம் மாதிரி. ஒருத்தங்களுக்கு "வெயிட் 1310-லேர்ந்து 1190"னு மெசேஜ் வந்துச்சு, அவ்வளவுதான், ராத்திரி முழுக்க தூங்கல. குறைமாசத்துல பொறந்த குழந்தை முதல் வாரத்துல பத்து சதவீதம், அதுக்கு மேல கூட எடை குறையறது சகஜம், ரெண்டு வாரத்துக்குள்ள பழைய எடைக்கு வந்துடும்னு சொல்ல அங்க ஆள் இல்ல. பிலிருபின் (மஞ்சள் காமாலை) அளவும் அப்படித்தான், பெரியவங்களுக்கான நார்மல் அளவு ரிப்போர்ட்ல பக்கத்துலயே அச்சாகியிருக்கும், அதோட ஒப்பிட்டு பாத்தா எந்த பச்சக்குழந்தைக்கும் பயமாத்தான் இருக்கும். அந்த ரிப்போர்ட்ட குடும்ப குரூப்ல போட்டீங்கன்னா முப்பது பேர் முப்பது வைத்தியம் சொல்லுவாங்க. போடாதீங்க.

கெட்ட சேதியையோ பெரிய முடிவையோ போன்லயே முடிச்சுக்காதீங்க. உயிருக்கு அவசரம்னா சரி, சம்மதம் சொல்லித்தான் ஆகணும், மத்தபடி "நாங்க கிளம்பி வர்றோம், நேர்ல சொல்லுங்க"ன்னு கேக்கலாம்.

## 5. உள்ளயே இருந்து குழந்தைய கவனிச்சுக்கிட்டு தெரிஞ்சுக்கறது

என் ஓட்டு இதுக்குத்தான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

முன்னாடியெல்லாம் என்ஐசியூ-ன்னா கண்ணாடி வழியா எட்டிப் பாக்குற இடம். இப்போ அது மாறிக்கிட்டு வருது. டெல்லி ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரியில பெத்தவங்களுக்கு கை கழுவறது, துணி மாத்துறது, பால் குடுக்குறது எல்லாம் சொல்லிக் குடுத்து உள்ளயே சேத்துக்கிட்டாங்க, அந்த அனுபவத்த வச்சு 2017-ல மத்திய சுகாதார அமைச்சகமே, அரசு ஆஸ்பத்திரி பச்சக்குழந்தை வார்டுகள்ல குடும்பத்தையும் பராமரிப்புல சேத்துக்கணும்னு வழிகாட்டுதல் போட்டுச்சு. அதனால அரசு ஆஸ்பத்திரியில இருக்கீங்கன்னா "என்னை உள்ள விடுவீங்களா"ன்னு தயங்காதீங்க, தைரியமா கேளுங்க.

கங்காரு கேர் (குழந்தைய தோலோட தோலா நெஞ்சுல அணைச்சு வச்சுக்கறது) பத்தி எல்லாருக்கும் இப்போ தெரியும், 1978-ல கொலம்பியாவுல பொகோட்டாவுல இன்குபேட்டர் பத்தாம ஆரம்பிச்சது. 2021-ல வெளியான உலக சுகாதார அமைப்போட ஆராய்ச்சியில இந்தியாவையும் சேத்து அஞ்சு நாட்டுல, 1 கிலோவுலேர்ந்து 1.8 கிலோவுக்குள்ள இருக்குற குழந்தைங்கள நிலைமை சீராகற வரைக்கும் காத்திருக்காம பொறந்த உடனேயே அம்மா நெஞ்சோட போட்டு பாத்தாங்க. 28 நாளுக்குள்ள இறந்தது வழக்கமான முறையில நூத்துக்கு 15.7, இந்த முறையில 12. அதுக்கு அம்மாவும் குழந்தையோட அதே யூனிட்டுலயே இருக்கணும்.

இதுக்கும் டாக்டர்கிட்ட பேசுறதுக்கும் என்ன சம்பந்தம்னா, உள்ள இருந்தாத்தான் கேள்வியே சரியா வரும். வெளியில நிக்கும்போது "எப்படி இருக்கான்"னு மட்டும்தான் கேக்கத் தெரியும். உள்ள நாலு நாள் இருந்தப்புறம் நான் கேட்டது: "நேத்து பாலாடையில குடுத்தப்போ ரெண்டு தடவ சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு) 80-க்கு இறங்குச்சு, டியூப்ல குடுக்கும்போது இறங்கல, ஏன்?" டாக்டர் குனிஞ்சு சார்ட்ட பாத்தாரு, அன்னிக்கு பாலாடைய நிறுத்தி ரெண்டு நாள் தள்ளி ஆரம்பிச்சாங்க. அன்னிலேர்ந்து அவர் என்கிட்ட பேசுற தோரணையே மாறிடுச்சு, "அம்மா என்ன பாத்தீங்க இன்னிக்கு"ன்னு அவரே கேப்பாரு. அதுக்கு முன்னாடி சேதி கேக்க வந்தவளா நின்னேன், அப்புறம் சேதி சொல்ல எனக்கும் ஒண்ணு இருந்துச்சு.

செலவு இல்லாம இல்ல. மானிட்டர் சத்தம் தலைக்குள்ள ஏறிடும், வீட்டுக்கு வந்தப்புறம் மைக்ரோவேவ் சத்தத்துக்கு கூட திடுக்குன்னு எழுந்திருப்பேன். ஆக்சிஜன்ல இருக்குற குழந்தைக்கு சாச்சுரேஷன 90-லேர்ந்து 95-க்குள்ள வச்சுக்கதான் பாப்பாங்க, 100 வேணும்னு நாம ஏங்கக்கூடாது, ஆக்சிஜன் அதிகமானா கண்ணுக்கு கெடுதல், இது தெரியாம அந்த நம்பரையே வெறிச்சு பாத்துக்கிட்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்ல. பக்கத்து குழந்தைக்கு ஆகுறதும் நம்ம கண் முன்னாடிதான் நடக்கும், ஒரு நாள் ராத்திரி அப்படி நடந்துச்சு, அதை நான் இங்க எழுதல. வீட்ல மூத்த பிள்ளை இருந்தா யார் பாத்துக்கறது, அப்பா வேலைய விட்டுட்டு எத்தனை நாள் இருப்பாரு, தினக்கூலிக்கு போறவங்களுக்கு ஒரு நாள் இருந்தா ஒரு நாள் கூலி போச்சு. இதெல்லாம் நிஜம். முழு நேரம் முடியலன்னா ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் இருந்தாலும் கணக்குதான், கங்காரு கேர அப்பாவும் பண்ணலாம், பாட்டியும் பண்ணலாம்.

ஒரு எச்சரிக்கை: சிஸ்டர்கிட்ட குழந்தை எப்படி குடிச்சான், எப்படி தூங்கினான்னு கேளுங்க, அதுல அவங்கள விட தெரிஞ்சவங்க யாரும் இல்ல. "பிழைச்சுக்குவானா, மூளை பாதிக்குமா" மாதிரி கேள்விய அவங்ககிட்ட கேட்டு இக்கட்டுல மாட்ட வைக்காதீங்க, அது டாக்டர் சொல்ல வேண்டியது.

## அப்போ எதைத்தான் எடுக்குறது

ஒண்ண மட்டும் எடுத்தா பத்தாது, ஆனா எது முதுகெலும்புன்னு முடிவு பண்ணிக்கணும். அம்மாவால நடக்க முடியும், ஆஸ்பத்திரி உள்ள விடுதுன்னா அஞ்சாவதுதான் முதுகெலும்பு, கூட வாரம் ஒரு தடவ பெரிய டாக்டரோட ரெண்டாவது. அம்மா வேற ஊர்ல வார்டுல இருக்காங்கன்னா அப்பா நேர்ல கவுன்சலிங்ல உக்காரட்டும், அதே நேரம் அம்மாவ ஸ்பீக்கர்ல போடுங்க, "டாக்டர், என் வீட்டுக்காரியும் கேட்டுக்கிட்டு இருக்கா"ன்னு முன்னாடியே சொல்லிட்டு. இது ஒண்ணுமே பெரிய ஏற்பாடு இல்ல, ஆனா மூணாவது வழியோட கெடுதல் பாதிக்கு மேல போயிடும். அம்மா மயக்கத்துல இருந்தா மூணாவதுதான், அவங்க எழுந்து உக்காந்த அன்னிக்கே முடிச்சுக்கணும்.

பேச்சே சரியா நடக்கலன்னா எழுத்துல கேளுங்க. கேஸ் ஷீட் நகல் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும்னு மருத்துவ கவுன்சிலோட 2002 ஒழுங்குமுறையிலயே இருக்கு. சண்டைக்குன்னு இல்ல, இன்னொரு டாக்டர்கிட்ட காட்டி கருத்து கேக்கவும் அது வேணும்.

டிஸ்சார்ஜ் பேச்சுக்கு மட்டும் எந்த வழியும் நேர்ல உக்கார்றதுக்கு ஈடாகாது. 1996-ல சென்னையில ஒரு அரசு ஆஸ்பத்திரியில 29 வாரத்துல, 1250 கிராம்ல ஒரு பெண் குழந்தை பொறந்துச்சு. குறைமாச குழந்தைக்கு கண்ணுல விழித்திரை பரிசோதனை பண்ணணும்னு டாக்டருங்க யாரும் பெத்தவங்ககிட்ட சொல்லல, அந்தப் பொண்ணுக்கு ரெண்டு கண்ணும் போச்சு. 2015-ல சுப்ரீம் கோர்ட் ஏறக்குறைய 1.8 கோடி ரூபாய் இழப்பீடு குடுக்க சொல்லுச்சு. ஒரே ஒரு வாக்கியம் சொல்லாம விட்டது அது. இப்போ 34 வாரத்துக்கு முன்னாடியோ 2 கிலோவுக்கு குறைவாவோ பொறந்த குழந்தைக்கு நாலு வாரத்துக்குள்ள முதல் கண் டெஸ்ட் பண்ணணும், ரொம்ப சின்ன குழந்தைன்னா ரெண்டு மூணு வாரத்துலயே. ஒரு தடவ பாத்ததோட முடியாது, விழித்திரை முழுசா வளர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப பாக்கணும்.

அதனால டிஸ்சார்ஜ் அன்னிக்கு அம்மா, அப்பா, வீட்ல குழந்தைய குளிப்பாட்டப் போற பாட்டி மூணு பேரும் உக்காருங்க. அடுத்த கண் டெஸ்ட் தேதி, காது டெஸ்ட் தேதி, தலை ஸ்கேன் திரும்ப வேணுமா, ராத்திரி மூச்சு திணறுனா எந்த நம்பருக்கு கூப்பிடணும், இது நாலையும் தாள்ல எழுதி வாங்குங்க. நாங்க வீட்டுக்கு வந்த அன்னிக்கு என் மாமனார் முதல் வேலையா தினசரி காலண்டர எடுத்து, கண் டெஸ்ட் தேதி தாள மடக்கி வச்சுட்டு, என்னை கூப்பிட்டு காட்டுனாரு.